அந்துப்பூச்சி கற்பித்த பாடம்

நம் பல்கலைக்கழகப் பண்ணையின் பருத்திப் பாத்திகள் ஓரமாக மாலை வேளையில் உலாவச் செல்லும் நண்பர்கள், அங்கே கழிகளில் தொங்கும் பொறிகளைக் கண்டிருப்பார்கள். மேலே ஒரு மூடி, அதன் கீழ் ஒரு புனல், புனலின் அடியில் நீளமான பாலிதீன் பை. மூடியின் உட்புறத்தில் சுண்டுவிரல் நகத்தளவு ரப்பர்த் துண்டு ஒன்று செருகியிருக்கும். பைக்குள்ளே சாம்பலும் பழுப்புமாகச் சிறு அந்துப்பூச்சிகள் செத்துக் கிடக்கும். அவை அத்தனையும் ஆண் பூச்சிகளே. அந்த ரப்பரை எடுத்து மோந்து பார்த்தேன். ரப்பர் நாற்றத்தைத் தவிர வேறொன்றும் என் மூக்குக்கு எட்டவில்லை.

நம் மூக்குக்கு எட்டாத அந்த ஒன்று அந்தப் பூச்சியை வயல் கடந்து இழுத்து வருகிறது. இளஞ்சிவப்புக் காய்ப்புழுவின் தாய்ப்பூச்சி நள்ளிரவுக்குப் பின் பருத்திச் செடியில் அசையாமல் அமர்ந்து, வயிற்றின் நுனியிலுள்ள சுரப்பியைச் சற்றே வெளியே நீட்டி, ஒரு பொருளைக் காற்றில் விடுகிறது. ஆண் அதை உணர்ந்து பறந்து வருகிறது. கூடிய பெண் பருத்திச் செடியில் நூற்றுக்கு மேற்பட்ட முட்டைகளை இடுகிறது. பொரிந்த புழு காயைத் துளைத்து உள்ளே போய் விதையைத் தின்கிறது. பெண் விடுகிற பொருளின் நகலைத்தான் ரப்பரில் ஊற்றி வைத்திருக்கிறார்கள். ஆண் ஏமாந்து பையில் விழுகிறது.

பூச்சியின் திருமணத்தில் கண்ணுக்குத் தெரியாத தூது ஒன்று உண்டு என்பதைச் சோதனைமேல் சோதனையாக வைத்து உலகறியச் செய்தவர், பட்டணத்து ஆய்வுக்கூடத்தில் வாழ்ந்தவரல்லர். பிரெஞ்சு நாட்டின் தென்கோடியில், கடனும் குழந்தைகளுமாகத் தத்தளித்த ஒரு பள்ளி ஆசிரியர் அவர். ழான் ஹென்றி ஃபாபர் என்பது அவர் பெயர். பூச்சிகளைப் பற்றிப் படித்தவர் எவரும் அப்பெயரைக் கேட்டிருப்பர். எனினும் இனப்பெருக்கம் என்னும் சொல்லே அவருடைய வாழ்க்கையை ஒருமுறை கவிழ்த்தது என்பதைப் பலர் அறியார்.

1823 டிசம்பரில் சேன் லியோன் என்னும் மலைக்கிராமத்தில் அவர் பிறந்தார். வீட்டில் வறுமை. சிறு பிள்ளையாகச் சில ஆண்டுகள் பாட்டன் பாட்டியின் பண்ணையில் வளர்ந்தார். தந்தை எந்தத் தொழிலிலும் நிலைக்கவில்லை. ஊர் ஊராகச் சென்று காப்பிக் கடை வைத்தார். வைத்த இடமெல்லாம் நஷ்டமே கண்டார். பையன் சந்தையில் எலுமிச்சம்பழம் விற்றான். இருப்புப்பாதை போடுமிடத்தில் கூலி வேலையும் செய்தான். அந்நிலையிலும் அவிஞோன் நகரத்து ஆசிரியப் பயிற்சிப் பள்ளியின் போட்டித் தேர்வில் வென்று உதவிச் சம்பளம் பெற்றான். பத்தொன்பது வயதுக்குள் கார்ப்பந்திரா என்ற ஊரில் தொடக்கப்பள்ளி ஆசிரியர். கணிதத்திலும் பௌதிகத்திலும் தாமே படித்துப் பட்டம் பெற்றார். 1849-ல் கார்சிகாத் தீவுக்குப் பௌதிக ஆசிரியராகச் சென்றார். அங்கே தாவரவியல் அறிஞர் மொக்கன் தாந்தோன் அவருடைய வீட்டில் தங்கியபோது, ஒரு நத்தையை அறுத்துக் காட்டி, கணிதத்தை விட்டு உயிர்களைப் பார்க்கும்படி தூண்டினார். மலைக்காய்ச்சல் ஃபாபரைத் தீவிலிருந்து விரட்டியது. 1853-ல் அவிஞோன் உயர்நிலைப் பள்ளிக்கு வந்தார். பதினேழு ஆண்டுகளுக்கு மேல் அங்கே உழைத்தார். பதவி உயர்வென்று ஒன்று வரவேயில்லை.

குளவிகளைப் பற்றி அங்கே அவர் எழுதிய கட்டுரைகள் பாரிசில் பரிசு பெற்றன. டார்வின் தம் 1859-ஆம் ஆண்டுப் பெருநூலில் ஃபாபரின் ஆராய்ச்சியை எடுத்துக் காட்டினார். பின்னாளில் இருவரும் கடிதம் எழுதிக் கொண்டனர். ஆயினும் ஃபாபர் பரிணாமக் கொள்கையை இறுதிவரை ஏற்கவில்லை. அவர் செய்த பிழைகளில் பெரியது அதுவே என்று நான் கருதுகிறேன். அந்தப் பிழைக்காக டார்வின் அவரை மதிப்பதைக் குறைத்துக் கொள்ளவில்லை.

1865-ல் அவருடைய வீட்டுக்கு ஒரு விருந்தாளி வந்தார். லூயி பாஸ்டர்! தென்பிரான்சில் பட்டுப்புழுக்கள் ஒரு கொள்ளைநோயால் மடிந்து கொண்டிருந்தன. காரணம் காணும்படி அரசாங்கம் பாஸ்டரை அனுப்பியிருந்தது. அவரோ அதுவரை பட்டுக்கூட்டைக் கையில் எடுத்துக்கூடப் பார்த்ததில்லை. ஃபாபர் கொடுத்த கூட்டைக் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்தார். உள்ளே ஏதோ இருக்கிறதே என்று வியந்தார். புழு கூட்டுப்புழுவாகி, கூட்டுப்புழு அந்தாகும் கதையை ஃபாபர் அன்று அவருக்குச் சொல்லவேண்டியிருந்தது. இந்த அறியாமையை ஃபாபர் எள்ளி நகையாடவில்லை, துணிவென்றே போற்றினார். பாஸ்டர் விரைவில் வழி கண்டார். ஆணும் பெண்ணும் கூடியபின் ஒவ்வொரு தாய் அந்தையும் தனித்தனியே முட்டையிடச் செய்து, பிறகு தாயை நசுக்கி உருப்பெருக்கியில் பார்க்கவேண்டும். நோய்த்துகள் தென்பட்டால் அதன் முட்டைகளை எரித்துவிடவேண்டும். பட்டு முட்டை உற்பத்தி நிலையங்களில், நம் நாட்டிலும், இன்றளவும் தாய் அந்தைச் சோதிக்கும் வழி இதிலிருந்து வந்ததே.

அந்நாளில் கல்லூரிப் பேராசிரியராக விரும்புவோர்க்குச் சம்பளத்தை நம்பாத சொத்து வேண்டும் என்று மேலதிகாரி ஒருவர் ஃபாபரிடம் கூறினார். சொத்துத் தேட அவர் தேர்ந்தெடுத்த வழி சாயம். நம் மஞ்சிட்டிக்கு உறவான ஒரு செடி அப்பகுதியில் ஏராளமாகப் பயிராயிற்று. அதன் வேரிலிருந்து தூய சிவப்புச் சாயத்தைப் பிரிக்க ஓய்வு நேரமெல்லாம் பாடுபட்டு வெற்றியும் கண்டார். தொழிற்சாலை எழும்பும் வேளையில், 1868-ல், ஜெர்மானிய ரசாயன அறிஞர்கள் அதே சாயத்தை நிலக்கரித் தாரிலிருந்து செய்துவிட்டனர். செடிக்கும் வேலை போயிற்று, ஃபாபரின் கனவும் போயிற்று.

ஆனால் அந்தச் சாயக்கொப்பரை ஒரு நண்பரைத் தந்திருந்தது. கல்வி மந்திரி துருய் ஒருநாள் ஆய்வுக்கூடத்துக்கு வந்து, கையெல்லாம் சிவந்திருந்த ஆசிரியரைக் கண்டு மதிப்புக் கொண்டார். 1868-ல் ஃபாபருக்கு அரசாங்க விருது கிடைத்தது. நெப்போலியன் சக்கரவர்த்தியின் முன்னும் அவர் நிற்க நேர்ந்தது. பெண்களுக்கு உயர்கல்வி வேண்டும் என்று துணிந்தவர் அம்மந்திரி. அவருடைய திட்டப்படி அவிஞோனில் ஒரு பழைய மடத்தில் மாலை வகுப்புகள் தொடங்கின. கட்டணமில்லை. பெண்களும் வந்து அமர்ந்தனர். ஃபாபர் காற்றையும் நீரையும் மின்னலையும் விளக்கினார், பூவையும் விளக்கினார். மகரந்தம் சூல்முடியில் விழுவதும், அங்கிருந்து சூலை அடைவதும், கரு உண்டாவதும் எவ்வாறு என்று கூறினார்.

அவ்வளவுதான், ஊர் கொதித்தது! கன்னிப் பெண்களின் முன்னே பூவின் கருவுறுதலைப் பேசலாமா என்று சமயவாதிகள் சினந்தனர். துருய் 1869-ல் பதவியிழந்தார். ஆசிரியருக்குத் துணை யாருமில்லை. வீட்டுக்குச் சொந்தக்காரர்கள் முதிய சகோதரிகள் இருவர், பக்தி மிக்கவர்கள். வீட்டைக் காலி செய்யும்படி அவர்கள் ஆணையிட்டார்கள். எழுத்தில் ஒப்பந்தம் ஏதுமில்லாததால் எதிர்த்து வழக்காடவும் இயலவில்லை. மனைவியும் ஐந்து குழந்தைகளுமாக, 1870-ஆம் ஆண்டுப் போரின் நடுவே அவர் தெருவில் நின்றார். ஒரு செடியின் திருமணத்தைப் பற்றிச் சொன்னதற்கு இத்தனை தண்டனை!

இந்த இக்கட்டில் கை கொடுத்தவர் ஆங்கில அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில். லண்டனில் கிழக்கிந்தியக் கம்பெனியின் அலுவலகத்தில் முப்பத்தைந்து ஆண்டுகள் அமர்ந்து நம் நாட்டுக் காகிதங்களைப் பார்த்தவரே அவர். மனைவி அவிஞோனில் இறந்தபின் அவளுடைய கல்லறைக்கு அருகே வீடு வாங்கி, ஆண்டில் பல மாதங்கள் அங்கே தங்கினார். செடி சேகரிப்பதில் அவருக்கும் ஃபாபருக்கும் நட்பு. கடிதம் கண்டதும் 3000 பிராங்க் அனுப்பினார், பத்திரம் கேட்கவில்லை. ஃபாபர் ஓரான்ழ் என்ற சிற்றூரில் குடியேறி, மாணவர்க்கான அறிவியல் நூல்களை இரவு பகலாக எழுதி, சில ஆண்டுகளில் கடனைத் தீர்த்தார். பயிர்களைக் கெடுக்கும் பூச்சிகளைப் பற்றிய அவருடைய இளைஞர் நூல் 1870-ல் வெளிவந்ததே. மில் 1873-ல் இறந்தார். இறப்பதற்குச் சில நாள் முன்னரும் இருவரும் செடி தேடி நடந்தனர்.

1877-ல் ஃபாபருடைய மகன் ஜூல் இறந்தான். அவனே தந்தையின் மாணவன், வலக்கை. தாம் புதிதெனக் கண்ட குளவிகளுக்கு அவன் பெயரையே தந்தை சூட்டினார். 1879-ல் செரிஞான் என்ற ஊரின் ஓரத்தில் ஒரு வீட்டையும், ஏறத்தாழ ஒரு ஹெக்டேர் தரிசையும் வாங்கினார். கல்லும் முள்ளுமான அந்நிலத்தில் எவரும் பயிரிட விரும்பார். அம்மண்ணுக்கு வட்டார மொழியில் ஹர்மாஸ் என்று பெயர். முப்பத்தாறு ஆண்டுகள் அவர் அதை விட்டு அகலவில்லை. பத்துத் தொகுதிகளாக வெளிவந்த பூச்சி நினைவுகளில் முதல் தொகுதியைத் தவிர மற்றவையெல்லாம் அங்கே எழுதப்பட்டவை. முதல் மனைவி 1885-ல் மறைந்தபின் இரண்டாம் மணம் புரிந்தார். மீண்டும் மூன்று குழந்தைகள்.

அக்குழந்தைகளுள் ஒருவனான பால் சிறுவனாயிருந்த காலத்தில், ஒரு மே மாதக் காலையில், ஃபாபருடைய மேசைமேல் பெரிய மயில் அந்து ஒன்று கூட்டைக் கிழித்து வெளிவந்தது. ஐரோப்பாவிலுள்ள அந்துகளில் அதுவே பெரிது. இறக்கையில் மயிற்கண் போன்ற வட்டங்கள் உண்டு. அதன் புழு வாதுமை, பேரி முதலிய பழமரங்களின் இலையைத் தின்னும். வளர்ந்த பூச்சிக்கோ உணவில்லை, உண்ண வாயும் இல்லை. சில நாளே வாழ்வு. அதற்குள் துணையைத் தேடவேண்டும். வெளிவந்தது பெண். ஏதோ தோன்ற, அதைக் கம்பிவலைக் கூண்டால் மூடிவைத்தார். இரவு ஒன்பது மணிக்குப் பக்கத்து அறையில் பால் அரைகுறை உடையோடு குதித்து ஓடி, பறவையளவு பூச்சிகள் அறையெல்லாம் பறப்பதாகக் கூவித் தந்தையை அழைத்தான். மெழுகுவத்தியோடு இருவரும் படிப்பறைக்குள் நுழைந்தபோது, பெரிய ஆண் அந்துகள் கூண்டைச் சுற்றி மெல்லப் படபடத்துக் கொண்டிருந்தன, விளக்கை அணைத்தன, தோளில் மோதின. வீடெங்குமாக நாற்பது இருக்கலாம். வெளியே மேகம் மூடிய கும்மிருட்டு. வீட்டைச் சுற்றி அடர்ந்த மரங்கள். இத்தனைக்கும் அப்பகுதியில் அந்தப் பூச்சி அரிது. எட்டு இரவுகளில் வந்தவை நூற்றைம்பது!

எப்படி அறிந்தன? அடுத்த சில ஆண்டுகளை இந்தக் கேள்வி விழுங்கிற்று. கூண்டை இடம் மாற்றி வைத்தார்; கண்டுபிடித்தன. உணர்கொம்பை வெட்டி விட்டார். மிகச் சிலவே திரும்பின. அதைக்கொண்டு கொம்பே மூக்கு என்று சொல்லிவிடலாம். அவசரப்படாமல், கொம்பை வெட்டாது உடல் மயிரை மட்டும் மழித்து அடையாளமிட்டுச் சிலவற்றை விட்டார். அவற்றிலும் பெரும்பாலானவை வரவில்லை. ஆகவே அச்சோதனை எதையும் மெய்ப்பிக்கவில்லை என்று தாமே எழுதிவைத்தார். இங்கேதான் எனக்கு அவரிடம் பெருமதிப்பு. தமக்குச் சாதகமாய் வந்த முடிவைத் தாமே கெடுத்துக்கொள்ளும் மனம் எத்தனை பேருக்கு வரும்? காற்றுப் புகாத தகரப் பெட்டியில் பெண்ணை அடைத்தால் ஓர் ஆணும் வரவில்லை. மூடி சற்றே தளர்ந்திருந்தால் அலமாரிக்குள் ஒளித்தாலும் வந்தன. அறையில் அந்துருண்டையை வைத்துப் பார்த்தார். நம் வீட்டுப் பெட்டிகளில் அந்தை விரட்டப் போடும் அதே உருண்டைதான்! அந்த நெடியைச் சிறிதும் மதியாமல் ஆண்கள் வந்தன.

சின்ன மயில் அந்து என்ற வேறோர் இனம் அவரைக் குழப்பிற்று. அதன் ஆண்கள் பகலில் வந்தன; வடகாற்று பலமாக வீசும்போது வடக்கிலிருந்தே வந்தன. மணமாயின் காற்று அதைத் தெற்கே அன்றோ கொண்டு போகும்? வடக்கேயிருப்பவற்றுக்கு எட்டியது எவ்வாறு? இந்த நியாயமான கேள்வி அவரைப் பல நாள் மணத்தை நம்பவிடவில்லை.

பின்னர், வீட்டுக்குக் காய்கறி கொண்டுவரும் ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் ஒரு கூட்டைக் கொண்டுவந்தான். ஃபாபர் இரண்டு காசு கொடுத்து வாங்கினார். ஓக் மரத்து அந்தின் கூடு அது. துறவியின் அங்கியைப் போல் பழுப்பு நிறங்கொண்ட அப்பூச்சியை அவ்வூரில் அவர் இருபது ஆண்டுகளாகக் கண்டதேயில்லை. ஆகஸ்டு 20-ல் பெண் வெளிவந்தது. மூன்றாம் நாள் பிற்பகல் மூன்று மணிக்கு வெயிலில் அறுபது ஆண்கள் வந்து சேர்ந்தன. பகலில் வருபவை, ஆகவே விளக்கின் தொல்லையின்றிப் பார்க்கலாம். லாவெண்டர் எண்ணெய், மண்ணெண்ணெய், அழுகிய முட்டை நாற்றமுள்ள மருந்து எல்லாம் கூண்டைச் சுற்றி வைத்தார். வீட்டுக்குள் மனிதர் இருக்க முடியவில்லை. ஆண் பூச்சிகளோ வழி தவறவில்லை.

முடிவைத் தந்தது ஒரு தற்செயல். பெண்ணைக் கண்ணாடி மணிக்குள் அடைத்து, சாளரத்தில் நன்றாகத் தெரியும்படி வைத்தார். அது முந்திய இரவெல்லாம் அமர்ந்திருந்த ஓக் இலைக்கொத்தை அறையின் மூலையில் ஒரு நாற்காலிமேல் போட்டிருந்தார். வந்த ஆண்கள் கண்ணெதிரே இருந்த பெண்ணைக் கடந்து போயின! வெற்று இலைக்கொத்தில் குவிந்தன. இலைகளைப் புரட்டித் தேடின. கொத்தைத் தரையில் தள்ளி அங்கேயும் தேடின. பெண் அமர்ந்த பஞ்சு, துணி, மணல் எதுவாயினும் அதே கதை. ஆகவே கண் அன்று, ஒலி அன்று. பெண்ணின் உடலிலிருந்து ஒரு பொருள் கசிந்து, தொட்ட இடத்தில் ஊறி நிற்கிறது. ஃபாபர் மோந்து பார்த்தார். இளமூக்குக் கொண்ட குழந்தைகளையும் மோந்து பார்க்கச் சொன்னார். யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

இத்தனை தெளிவாகக் கண்டும், அது நாம் அறிந்த மணத்தைப் போலத் துகளாகப் பரவுவதா, ஒளியைப் போல அலையாகப் பரவுவதா என்று அவர் தயங்கினார். எக்ஸ் கதிர்கள் 1895-ல் கண்டுபிடிக்கப்பட்டிருந்த காலம். கண்ணுக்குத் தெரியாத அலைகளின்மேல் எல்லாருக்கும் மோகம். சோதனை சரி, விளக்கம் சற்றே வழி தவறியது. 1900-ல் வெளிவந்த ஏழாம் தொகுதியில் இரண்டையும் மறைக்காமல் எழுதினார். பொருள்தான் என்பது 1959-ல் உறுதியாயிற்று. அடால்ஃப் பூட்டனண்ட் என்ற ஜெர்மானியர் ஐந்து லட்சம் பெண் பட்டு அந்துகளின் சுரப்பிகளைச் சேர்த்து, சில மில்லிகிராம் அளவு பிரித்தெடுத்து, அதன் அமைப்பைக் கண்டார். வடகாற்றுப் புதிருக்கும் பாதி விடை கிடைத்தது. ஆண் மணத்தின் செறிவை அளந்து வருவதில்லை. மணம் பட்டவுடன் காற்றை எதிர்த்துப் பறக்கிறது, மணம் அறுந்தால் இடமும் வலமும் அலைந்து மீண்டும் இழையைப் பிடிக்கிறது. ஃபாபருடைய வீட்டைக் கடந்து தெற்கே போய் மணம் பட்டுத் திரும்பினவோ, சுவரில் மோதிய காற்றின் சுழலில் அது கிடைத்ததோ, இன்று நின்று பார்த்துச் சொல்ல இயலாது.

நம் பருத்திப் பாத்திக்கு வருவோம். இளஞ்சிவப்புக் காய்ப்புழுவுக்குப் பெயரிட்டு 1843-ல் விவரித்தவர் ஓர் ஆங்கிலேயர். அவருக்குப் பூச்சி கிடைத்தது நம் குஜராத்தின் பரூச் வயல்களிலிருந்து. அதன் பெண் விடும் பொருள் 1973-ல் கண்டறியப்பட்டது. ஒரு பொருள் அன்று, இரண்டு பொருள்கள் ஏறத்தாழச் சமபாகமாகக் கலந்தது. அதைப் பொறியில் வைத்து எண்ணிக்கை பார்க்கலாம். வயல் முழுவதும் பரப்பி, எங்கே பெண் என்று தெரியாமல் ஆணைத் திகைக்கச் செய்தும் விடலாம். அமெரிக்காவில் இந்தத் திகைப்பும், கதிரியக்கத்தால் மலடாக்கிய அந்துகளும், மரபணு மாற்றிய பருத்தியும் சேர, 2018-ல் புழு ஒழிந்ததென அறிவித்தார்கள். நம் நாட்டில் மரபணுப் பருத்தியை மட்டும் நம்பியிருந்தோம். புழு அதைத் தாங்கப் பழகிக்கொண்டது. அதனால்தான் கழியில் பொறி தொங்குகிறது.

ஃபாபருடைய பத்தாம் தொகுதி 1907-ல் வந்தது. நூல்கள் அதிகம் விற்கவில்லை. முதுமையில் மீண்டும் நெருக்கடி. 1910-ல் அன்பர்கள் செரிஞானில் விழா எடுத்தபிறகே நாடு அவரை நினைத்தது. சிறு ஓய்வூதியமும் வந்தது. 1913-ல் குடியரசுத் தலைவர் புவான்காரே வீடு தேடி வந்தார். 1915 அக்டோபர் 11-ல், தொண்ணூற்றொன்றாம் வயதில், ஹர்மாஸில் அவர் உயிர் பிரிந்தது. அந்த வீடும் தோட்டமும் இன்று பிரெஞ்சு இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் உடைமை. பத்துத் தொகுதிகளையும் எழுதிய மேசை அங்கே இருக்கிறது. ஒரு நோட்டுப் புத்தகத்தையும் மைக்கூட்டையும் வைத்தால் வேறெதற்கும் இடமிராத, ஒரு கையால் தூக்கிச் செல்லக்கூடிய சின்னஞ்சிறு மேசை.